தனலெட்சுமி கொடுத்த வாக்கு

தொலைபேசி மூன்று தடவை அடித்து ஓய்ந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் இரண்டு கைகளும் ஆய்வுகூடத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. நடுவில் கையை வெளியே எடுத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து துடைத்துத் தொடங்க வேண்டும். "யாருக்கு இவ்வளவு அவசரம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால், தனலெட்சுமியின், எங்கள் தனத்தின், மகள் சுகந்தியின் இலக்கம். திருப்பி எடுத்தேன். "மிஸ், அம்மா தவறிட்டாங்க" என்றாள்.

காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்து லொறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக அவரைக் காணும்போதெல்லாம் சளி எப்படி, காய்ச்சல் உண்டா, ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று துருவித் துருவிக் கேட்டவள் நான். நுரையீரலைத் தவிர அந்த நெஞ்சுக்குள் இன்னொன்றும் இருக்கிறது என்பதை மறந்தேபோனேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தனலெட்சுமியைத் தெரிந்தவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று, அப்புத்தளைக்குக் கீழே, பெரகல பக்கம் அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்து மக்கள். மற்றது, பதுளையில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்துபோகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவர்களுக்கு எங்கள் வேலை தெரியாது, இவர்களுக்குத் தேயிலை தெரியாது. ஆகவே தெரிந்ததையே சொல்கிறேனே என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வேலை இதுதான். சத்திரசிகிச்சையில் வெட்டி எடுத்த நுரையீரலிலிருந்து நகத்தளவு துண்டை வாங்குவோம். அதிலுள்ள உயிர்க்கலங்களைப் பிரித்தெடுத்து, கூழ் போன்ற ஒன்றில் புதைத்து, உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரில் வளர்ப்போம். சில வாரங்களில் அவை தாமாகவே கூடி, கடுகைவிடச் சிறிய உருண்டைகளாகும். ஓர்கனொயிட் என்று அதற்குப் பெயர். கடுகுதான் என்றாலும் உள்ளே மூச்சுக்குழாயில் நடப்பதெல்லாம் நடக்கும். சளி சுரக்கும், அந்தச் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் அசையும். நோய் எப்படி வருகிறது, எந்த மருந்துக்கு என்ன ஆகிறது என்பதை நோயாளியைத் தொந்தரவு செய்யாமல் அதில் பார்க்கலாம். இதைச் செய்ய எங்களிடம் இருப்பது ஒரு மாடி அறை, ஒரு நல்ல நுணுக்குக்காட்டி, என்னுடைய வாய், அதைப் பொறுத்துக்கொள்ளும் உதவியாளர் ரிஸ்வி.

தனத்தை நான் முதலில் பார்த்தது ஒரு வார்டில், அவருடைய சத்திரசிகிச்சைக்கு முதல் நாள். சின்ன வயதில் வந்த கடும் சளியால் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி கெட்டுப்போயிருந்தது. அதை எடுத்துவிடத் தீர்மானித்திருந்தார்கள். நான் சம்மதப் படிவத்தோடு கட்டிலருகே போய், மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வெட்டி எடுத்தத வழக்கமா என்னங்க செய்வாங்க?" என்றார்.

"கொஞ்சம் சோதனைக்கு அனுப்புவாங்க. மிச்சத்த எரிச்சிருவாங்க."

"எரிக்கிற சாமானுக்கு எங்கிட்ட எதுக்குங்க கையெழுத்து?"

"அது உங்களோடதுதானே. கேக்காம எடுக்கக் கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெட்டுறதுக்கு முன்னால எங்கிட்ட ஒருத்தர் வந்து கேக்குறது இதுதான் மொதத் தடவ" என்றார். பிறகு படிவத்தை வரி வரியாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். எனக்கு உள்ளே கொதித்தது. ஆனால் கையெழுத்துக்கு நீட்டப்படும் தாள் என்றால் எங்கள் மக்களுக்கு உள்ள பயம் எனக்குத் தெரியாததல்ல. எந்தத் தாளால் எதை இழந்தோம் என்பது மலையகத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கதை. தோட்டப் பாடசாலை ஆசிரியராக இருந்த என் அப்பாகூட எதிலும் இலேசில் கையொப்பம் வைக்க மாட்டார். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் அவர் முகம் தெளிந்தது. "அப்ப எங்க நர்சரி மாதிரியாங்க?" என்று கேட்டார். அவர் தோட்டத்துத் தேயிலை நர்சரியில் வேலை செய்தவர். நல்ல செடியொன்றிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றி, மேலே பொலித்தீனால் மூடி வைப்பார்கள். வேர் பிடித்து ஒரு வருடம்போல வளர்ந்ததும் மலையில் கொண்டுபோய் நடுவார்கள். அந்த ஒற்றை இலை முழுச் செடியாகி, நட்டவரின் பிள்ளைகள் காலத்திலும் கொழுந்து கொடுக்கும். "ஆமா, ஆமா, உங்க நர்சரி மாதிரியேதான்!" என்றேன் நான். இவ்வளவு சுலபமாக விளங்கிவிட்டதே என்று சந்தோஷம் வேறு. அன்று நான் செய்த தவறு அதுதான். அது எனக்குத் தெரியவர ஒரு வருடம் ஆனது.

"கன்னு வெச்சா வந்து பாப்பேன். அதுக்கு சரின்னா போடுறேன்" என்று சொல்லிவிட்டு, நிறுத்தி நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார்.

சொன்னபடியே வந்தார். காயம் ஆறி, மூன்று மாதம் கழித்து, ஒரு பை பேரிக்காயோடு ரயிலேறி வந்துவிட்டார். அந்த நாட்களில் எங்கள் உருண்டைகள் ஒழுங்காக வளரவில்லை. பாதி வழியில் சுருங்கிச் செத்தன. கூழைக் குற்றம் சொன்னேன், தண்ணீரைக் குற்றம் சொன்னேன், ரிஸ்வியை நாளுக்கு நான்கு தடவை குற்றம் சொன்னேன். தனம் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் ஆனதும், "கோவிச்சுக்காதீங்க மிஸ். அந்தச் சூட்டுப் பெட்டிய எத்தன வாட்டி தொறக்குறீங்க?" என்றார்.

நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் எண்ணியிருக்கிறார். பதினொரு தடவை.

"எங்க நர்சரியில வெச்ச கன்ன மூடினா மூடினதுதான். வேர் விட்டிருக்கான்னு பாக்க ஆசையாத்தான் இருக்கும். தொறந்து தொறந்து பாத்தீங்கன்னா உள்ள இருக்குற சூடும் ஈரமும் போயிரும், கன்னு செத்துரும். புதுசா வர்ற புள்ளைங்க கையில நானே தட்டிருக்கேன்" என்றார். ரிஸ்வி குனிந்து சிரித்தான். திறந்து திறந்து பார்த்தது அவனல்ல, நான்தான். அன்றுமுதல் கதவைத் திறக்க நேரம் குறித்தோம். இன்குபேட்டரில் "தனம் அக்கா சொன்னது: மூடினா மூடினதுதான்" என்று ரிஸ்வி ஒரு தாளையும் ஒட்டினான். அந்த வருடம் நாங்கள் வளர்த்த நல்ல உருண்டைகளெல்லாம் அதற்குப் பிறகு வளர்ந்தவை.

அவருடைய உருண்டைகளை நுணுக்குக்காட்டியில் காட்டிய நாளும் நினைவிருக்கிறது. நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. நுண்மயிர்கள் ஒரே பக்கமாக அலையடிப்பதைப் பார்த்து, "ஓயாம வேல செய்யுதே, ஒரு தேத்தண்ணி குடிக்கக்கூட நிக்காதா?" என்று கேட்டார். கெட்டுப்போன பகுதியின் ஓரத்திலிருந்து எடுத்த கலங்கள் அவை. வெளியே வந்து சுத்தமாக வளர்ந்ததும் அவற்றின் மயிர்கள் நன்றாகவே அடித்தன. அவரிடம் அதைச் சொன்னேன். "அப்ப என் ஒடம்பு நல்ல ஒடம்புதான். சளிதான் கெட்டது" என்று பெருமைப்பட்டுக்கொண்டு போனார். அதன்பிறகு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்தார்.

ஒரு வருடம் ஆகியிருக்கும். அன்று தனம் தனியாக வரவில்லை. கூடவே ஒரு தாயும், இருபது வயதுப் பெண்ணொருத்தியும். வாசுகி என்று பெயர், தனம் இருக்கும் லயத்து வரிசையிலேயே மூன்றாவது வீடு. மாடிப்படி ஏறி வந்தவள் பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம் இருமினாள். பிறந்ததிலிருந்து இருமல். காசநோய் என்று இரண்டு தடவை மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் தீரவில்லை. லயத்தில் அவளுக்குத் தனி டம்ளர். பக்கத்து வீடுகளில் பிள்ளைகளை அவளிடம் விடுவதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் இருமல் சத்தம் கேட்டு முற்றத்தோடு திரும்பியிருக்கிறார்கள். இதையெல்லாம் தாய் சொல்லிக்கொண்டிருக்க, தனம் ஒரு முடிவோடு நின்றார்.

"மிஸ், நான் யோசிச்சுட்டேன். என்னோட கன்னு இப்ப வருஷமாச்சு. மலைக்கு ஏத்துற வயசுதான். எனக்கு இருக்குறதே போதும், நான் நல்லாத்தான் இருக்கேன். அத இந்தப் புள்ளைக்கு வெச்சிருங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவர் கணக்கில் அந்த உருண்டைகள் கன்றுகள். வளர்ந்து முழு நுரையீரலாகி, ஒருநாள் ஒரு நெஞ்சில் நடப்படும். ஒவ்வொரு மாதமும் அவர் வந்து பார்த்தது அதற்காகத்தான். தேயிலையில் ஒற்றை இலை முழுச் செடியாவதை முப்பது வருடம் கண்ணால் கண்டவர் வேறு எப்படி நினைப்பார்? "உங்க நர்சரி மாதிரியேதான்" என்று தலையாட்டியவள் நான். அந்த வாயால் இப்போது, அது கடுகைத் தாண்டி வளராது, யாருக்கும் வைக்கவும் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். தாய் அழவில்லை. கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை மேசையில் வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தனம் மட்டும் கதவருகே நின்று, "நான் அந்தப் புள்ளைக்கு வாக்கு குடுத்திட்டேன் மிஸ்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதன்பிறகு இரண்டு மாதம் அவர் வரவில்லை. மூன்றாவது மாதம் சுகந்தி வந்தாள். "அம்மா சொல்லிவிட்டாங்க. அவங்களோடத எடுத்து எரிச்சிரணுமாம்." படிவத்தில் அந்த உரிமை இருக்கிறது. எப்போது வேண்டாம் என்றாலும் அழித்துவிட வேண்டும். இரண்டு தடவை வாசித்துக் காட்டியதும் நான்தான். ஆனாலும் ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செய்தி எனக்கு வரவே இல்லை என்று நடிக்கலாமா என அன்று யோசித்தேன். எங்களிடம் இருந்தவற்றில் அவ்வளவு நன்றாக வளர்ந்தவை வேறில்லை. மறுநாள் காலை அந்த நினைப்பை எண்ணி வெட்கப்பட்டு, அவரிடம் நேரில் கேட்டுவிட்டே அழிப்பது என்று அப்புத்தளைக்கு பஸ் ஏறினேன்.

நர்சரியில் குந்தியிருந்து பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் எழும்பவில்லை. நானும் பக்கத்தில் குந்தினேன். மன்னிப்புக் கேட்டேன். தப்பாக விளங்கிக்கொண்டது அவரல்ல, தப்பாக விளங்க வைத்தது நான் என்றேன்.

"அப்ப அது எதுக்குத்தாங்க வளருது?"

யோசித்தேன். "இந்த நர்சரியில புது மருந்து வந்தா மொதல்ல என்ன செய்வீங்க?"

"ஓரத்துல பத்துக் கன்னுக்கு அடிச்சுப் பாப்போம். கருகலன்னாத்தான் மத்ததுக்கு."

"அந்தப் பத்துக் கன்ன மலையில நடுவீங்களா?"

"நடமாட்டோம்." கொஞ்ச நேரம் மண்ணை அளைந்துகொண்டிருந்தார். "அப்ப என்னோடது அந்தப் பத்துக் கன்னு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத மொதல்லயே சொல்லிருக்கலாமே மிஸ். ஒரு சாமான் என்ன செய்யும்னு சொல்றதுக்கு முன்னால, என்ன செய்யாதுன்னு சொல்லிரணும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பெருமயா பேசிக்கலாம்."

எரிப்பதா வைப்பதா என்ற கேள்விக்கு அவர் அன்று பதில் சொல்லவில்லை. "லயத்துல எல்லாருக்கும் முன்னால சொன்னது நான். எல்லாருக்கும் முன்னாலதான் அத மாத்தணும். காலையில பெரட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார். பெரட்டு என்றால் விடிந்ததும் எல்லாரையும் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். அன்று பண்டாரவளையில் அக்கா வீட்டில் தங்கி, முதல் பஸ்ஸில் திரும்பிப் போனேன்.

பனிமூட்டத்தில் கொழுந்துக் கூடைகளோடு நின்றவர்களுக்கு முன்னால் நான் பேசினேன். "சுவாசத் தொகுதியின் மேலணிக் கலங்கள்" என்று தொடங்கியது நினைவிருக்கிறது. நான் பிறந்த மண்ணில் நின்று நான் பேசிய தமிழ் ஒருவருக்கும் விளங்கவில்லை. தனம் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, "மிஸ், நீங்க செத்த நில்லுங்க" என்று என்னை ஓரம் தள்ளினார்.

"பதுளையில என் நெஞ்சு வளருதுன்னு நான் சொன்னது தப்பு. அது கடுகு. அத யாருக்கும் வெச்சுத் தைக்க முடியாது. மிஸ் பொய் சொல்லல, நான்தான் வளர்த்துச் சொன்னேன். அது எதுக்குன்னா, நமக்கு மருந்து குடுக்குறதுக்கு முன்னால அதுக்குக் குடுத்துப் பாக்குறதுக்கு. அவ்வளவுதான். வாசுகி, ஒனக்கு நான் தர்றேன்னு சொன்னத என்னால தர முடியாதும்மா."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து வாசுகி இருமும் சத்தம் கேட்டது. இருமி முடித்து, "அப்ப என்னோடதையும் போட்டுப் பாருங்க" என்றாள். தாய் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் விடவில்லை. "எனக்கு நெஞ்சு வேணாம். என்ன நோவுன்னாவது தெரியட்டும்."

அப்படித்தான் வாசுகியின் கலங்கள் எங்களிடம் வந்தன. அதற்கு வெட்டத் தேவையில்லை. மூக்குக்குள் சின்னத் தூரிகையொன்றை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். தனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு முன் நான் செய்த முதல் வேலை, இது என்னவெல்லாம் செய்யாது என்று அவளுக்குச் சொன்னது. இருமலை நிறுத்தாது, நுரையீரலைத் திருப்பித் தராது, ஒன்றுமே தெரியவராமலும் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனம் தலையாட்டினார், கணக்குச் சரிபார்ப்பவர் மாதிரி.

சில வாரங்களில் வாசுகியின் உருண்டைகளும் எழும்பின. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவருடையது வேண்டும் என்றதும் தனம், "எரிக்க வேணாம் மிஸ், என்னோடத வெய்ங்க" என்றார். பக்கத்துத் தட்டில் அவருடையவற்றை வைத்தோம். ஒரு காலையில் முதலில் தனத்தினுடையவற்றைப் பார்த்தேன். மயிர்கள் வழக்கம்போல அலையடித்தன. தட்டை மாற்றி வாசுகியினுடையவற்றைப் பார்த்தேன். மயிர்கள் இருந்தன, வரிசையாக இருந்தன. ஒன்றும் அசையவில்லை. நான்தான் ஏதோ பிழை விட்டிருக்கிறேன் என்று மறுபடியும் வளர்த்தோம். பிறகு ரிஸ்வி தனியாக, என்னைத் தொடவிடாமல், இன்னொரு தடவை வளர்த்தான். அதே முடிவு. வெளியிலும் அனுப்பி உறுதிசெய்துகொண்டோம்.

பிறவியிலேயே அந்த மயிர்கள் அசையாத ஒரு நோய் அது. அதனால்தான் சளி வெளியேறாமல் தேங்கித் தேங்கி நெஞ்சைக் கெடுத்திருக்கிறது. அது காசநோய் அல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. ஆனால் என்ன நோய் என்று தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. தினமும் உப்புநீர் ஆவி பிடித்து, முறையாகத் தட்டிச் சளியை வெளியேற்றி, காய்ச்சல் கண்டவுடன் சரியான மருந்தைத் தொடங்கினால் நெஞ்சு மேலும் கெடாமல் காக்கலாம்.

இதைச் சொல்ல நானும் தனமும் சேர்ந்தே அவர்கள் வீட்டுக்குப் போனோம். செய்தி லயம் முழுக்கப் பரவியிருந்தது, வாசலில் கூட்டம். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை தனம் பொறுமையாக இருந்தார். பிறகு வாசுகியிடம், "எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்து. ஒன் டம்ளர்லயே ஊத்து" என்றார். அவள் தயங்கினாள். தனம் தானே எழுந்துபோய், சுவரோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்து வந்து நீட்டினார். ஊற்றியதும் வாசலில் நின்று, எல்லாரும் பார்க்க, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். நெஞ்சு வைக்க முடியாது என்று நான் திருப்பி அனுப்பிய நாளில் அழாத வாசுகியின் தாய், அன்றுதான் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அது சுலபத்தில் வருகிற காரியமல்ல.

அதற்குப் பின் நடந்ததைத் தோட்டத்தவர்களாகிய நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். காலையும் மாலையும் வாசுகியைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தட்டியது தனம்தான். தட்டும் முறையை வார்டில் ஒருநாள் முழுக்க நின்று படித்துக்கொண்டு போனார். சில மாதங்களில் வாசுகி நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போதும் இருமுகிறாள். ஆனால் இருமினால் சளி வெளியே வருகிறது. கோயில் மேட்டுக்கு நிற்காமல் ஏறுகிறாள். அதைப் பார்த்து இன்னும் சிலர், மூக்கை நீட்டிக்கொண்டு தாமாகவே பதுளைக்கு வந்தார்கள். தனத்துக்கு மட்டும் திருப்தியில்லை. "நெஞ்சு குடுக்க முடியல, சரி. மருந்தாவது கண்டுபுடிச்சுக் குடுங்க. நான் வாக்கு குடுத்தவ" என்பார். "நானா கொடுத்தேன்?" என்று சீண்டுவேன். "ஆமா ஆமான்னு தலையாட்டினது யாரு?" என்று திருப்பிக் கேட்பார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது தனத்தின் பெரியண்ணன் ராமையா என்னிடம் வந்தார். அமைதியான மனிதர். "மிஸ், அவளோடது அங்க இன்னும் உசுரோட இருக்குதுங்களாமே" என்றார். இருக்கிறது என்றேன். "ஒடம்ப எரிச்சாச்சு. காரியமும் முடிச்சாச்சு. ஒரு பங்கு மட்டும் உசுரோட நின்னா அவ எப்படிங்க போவா? அதையும் முடிச்சு விட்டுருங்க." அவர் குரலில் கோபமில்லை, தங்கைமேல் உள்ள கவலைதான் இருந்தது. சுற்றியிருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள். அது உங்கள் தங்கை அல்ல, அவர் கொடுத்துவிட்டுப் போன கலங்கள் என்று சொன்னேன். ஆனால் குடும்பம் வேண்டாம் என்றால் நாளைக்கே முடித்துவிடுவேன், ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். இந்தத் தடவை உண்மையாகவே அதைச் செய்யத் தயாராக இருந்தேன்.

எல்லாரும் சுகந்தியைப் பார்த்தார்கள். முடிவு சொல்ல வேண்டியவள் அவள். அவள் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "வாக்கு எனக்குக் குடுத்ததில்ல மாமா. வாசுகிக்குக் குடுத்தது. அவகிட்ட கேளுங்க" என்றாள்.

வாசுகி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பெரியவர்களுக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லாத பெண். "என்னோட மயிர் அடிக்காது, அக்காவோடது அடிக்கும்" என்றாள். "எனக்கு ஒரு மருந்து வந்தா, என்னோடது அக்காவோடது மாதிரி அடிக்குதான்னு பாக்கணும். அக்காவோடது இல்லன்னா எதப் பாத்து தெரிஞ்சுக்குறது? அக்கா எனக்குக் குடுத்தது அதுதான் மாமா. அத எரிக்காதீங்க."

ராமையா அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. "எத்தன நாளைக்கு இருக்குங்க அது?" என்றார். உறையவைத்தால் என் காலத்துக்குப் பிறகும் இருக்கும் என்றேன். "அப்ப இருக்கட்டும். அந்தக் குப்பியில அவ பேர நல்லாத் தெளிவா எழுதி வெய்ங்க. யாரோடதுன்னு தெரியாமப் போயிரக் கூடாது."

அதற்கும் நான் முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. கொடுத்தவரின் பெயரைக் குப்பியில் எழுதுவதில்லை, இலக்கம் மட்டும்தான். கொடுத்தவர்களைக் காப்பதற்கான விதி அது, நல்ல விதியும்கூட. அவர் தலையாட்டினார், ஆனால் முகம் வாடிவிட்டது. சுகந்தி கேட்டாள், "அம்மா பேர எங்கயுமே எழுதக் கூடாதா மிஸ்?"

"குப்பியிலதான் எழுதக் கூடாது. நீங்கல்லாம் சரின்னா வேற எங்க வேணும்னாலும் எழுதலாம்."

"எழுதுங்க மிஸ்."

ஆகவே எழுதுகிறேன். பதுளையில் எங்கள் ஆய்வுகூடத்தில், உறைகுளிரில், வெறும் இலக்கத்தோடு நிற்கும் அந்தக் குப்பிகள் முத்தையா தனலெட்சுமியினுடையவை. தேயிலை நர்சரியில் முப்பது வருடம் கன்று வைத்தவர். தன் நெஞ்சையே அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று நம்பி, கொடுக்க வந்தவர். அவர் கொடுத்த வாக்கு இன்னும் முடியவில்லை. குப்பிகளோடு சேர்த்து அதையும் நான்தான் வைத்திருக்கிறேன்.